முந்திரிகைத் தோட்டமும் கடலோரப் பாதையும்: ஒரு தேனிலவுக்குப் பின்னால் நின்றவர்கள்

கலிபோர்னியாவுக்குப் போகிற சோடிகள் போடும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு வாடகைக் கார். நாபா பள்ளத்தாக்கில் இரண்டு நாள், வரிசை வரிசையாய் முந்திரிகைக் கொடிகள், கையில் வைன் கிளாஸ். பிறகு கடலோரமாய்ப் போகும் 1ஆம் இலக்க நெடுஞ்சாலை: ஒரு பக்கம் மலை, மற்றப் பக்கம் பசிபிக் கடல், நடுவில் பிக்ஸ்பி பாலம். பின்னணியில் ஓடுகிற பாட்டுத்தான் ஆளுக்கு ஆள் மாறும்.

அந்தச் சோடிகளைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. வடிவான இடத்துக்குப் போனால் படம் எடுக்கத்தானே வேணும். எங்களுக்கு இருப்பது வேறு கேள்வி. இந்தப் பயணத்தின் கதையைச் சொல்லும்போது யார் உள்ளே வருகிறார்கள், யார் வெளியிலேயே நிற்கிறார்கள்? இதைப் பார்க்க 1880க்குப் போகலாம். அந்த வருடம் புதிதாய்க் கல்யாணம் கட்டிய ஒரு சோடி நாபாவுக்குப் போனது. அதில் ஒருவர் ரொபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன்.

காசில்லாத தேனிலவு

'புதையல் தீவு' எழுதிய அதே ஸ்டீவன்சன்தான். ஆனால் அந்தப் புத்தகம் அப்போது எழுதப்படவில்லை. ஸ்கொட்லாந்துக்காரர், வயது 29, நெஞ்சு வருத்தம், கையில் காசும் இல்லை. பிரான்சில் சந்தித்த ஃபனி ஒஸ்போர்ன் என்ற அமெரிக்கப் பெண்ணுக்காக 1879 ஓகஸ்ட்டில் கப்பலேறி நியூயோர்க் வந்தார். அங்கிருந்து குடியேறிகளுக்கான மலிவு ரயிலில் கலிபோர்னியாவுக்குப் போனார். ஃபனி அவரைவிடப் பத்து வயது மூத்தவர், பிள்ளைகளின் தாய். முதல் கணவரை விவாகரத்துச் செய்த பிறகு, 1880 மே 19 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

தேனிலவுக்குப் போனது நாபா பள்ளத்தாக்கின் வட அந்தத்துக்கு. ஃபனியின் பன்னிரண்டு வயது மகனும் ஒரு நாயும் கூடவே போனார்கள். ஹோட்டலில் கனநாள் இருக்கக் காசு காணாது. அதனால் சென் ஹெலினா மலையில், கைவிடப்பட்ட வெள்ளிச் சுரங்கம் ஒன்றின் தொழிலாளர் விடுதியில் போய்க் குடியிருந்தார்கள். ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. ஃபனிதான் துணியை அடித்து மறைத்து அதை வீடாக்கினார். அந்த நாட்களைப் பற்றி ஸ்டீவன்சன் எழுதிய புத்தகத்தின் பெயர் 'சில்வராடோ ஸ்குவாட்டர்ஸ்'. ஸ்குவாட்டர்ஸ் என்றால் அனுமதி இல்லாமல் குடியிருப்பவர்கள்.

இந்தச் சொல்லை அவரால் பகிடியாய்ச் சொல்ல முடிந்தது. அதைக் கவனியுங்கள். அந்தப் பள்ளத்தாக்கு வாப்போ என்ற பூர்வகுடி மக்களின் நிலம். 1850இல் கலிபோர்னியா கொண்டுவந்த ஒரு சட்டம், வேலையில்லாமல் திரிகிறார்கள் என்று பிடிக்கப்படும் பூர்வகுடிகளின் உழைப்பை ஏலம் விட இடம் கொடுத்தது. லொஸ் ஏஞ்சல்ஸில் கிழமை முடிவில் பிடிபட்டவர்களைத் திங்கட்கிழமை ஏலத்தில் எடுத்தவர்களில் முந்திரிகைத் தோட்டக்காரர்கள் முக்கியமானவர்கள். கூலியில் ஒரு பகுதியைச் சாராயமாகவே கொடுத்தார்கள். அந்த மக்கள் திரும்பவும் குடித்துப் பிடிபடுவார்கள், திரும்பவும் ஏலம் நடக்கும். கலிபோர்னியா வைனின் ஆரம்ப காலத்துக் கூலிமுறை இது.

வராந்தாவும் நிலவறையும்

தேனிலவு நாட்களில் ஸ்டீவன்சனும் ஃபனியும் ஜேக்கப் ஷ்ராம் என்பவரின் தோட்டத்தைப் பார்க்கப் போனார்கள். ஷ்ராம் ஜெர்மனியிலிருந்து வந்தவர், தொழிலால் முடிவெட்டுகிறவர். 1862இல் மலைச்சரிவில் நிலம் வாங்கி முந்திரிகை நட்டார். நட்ட பிறகும் கன காலம் சவரக் கத்தியோடு பள்ளத்தாக்கில் நடந்து திரிந்து உழைத்தார் என்று ஸ்டீவன்சன் எழுதுகிறார். அந்த எழுத்தில் ஷ்ராம் மீது மரியாதை இருக்கிறது. ஒன்றுமில்லாமல் வந்த ஒரு மனிசன் நிமிர்ந்த கதைதானே.

திருமதி ஷ்ராம் ஃபனியோடு வராந்தாவில் இருந்து கதைத்தார். ஸ்டீவன்சன் நிலவறைக்குள் போய் வைன் வகைகளை ஒவ்வொன்றாய்ச் சுவைத்தார். மலையைக் குடைந்து, தூண்கள் விட்டு அமைத்த அந்த நிலவறையைப் பார்க்க அவருக்குக் கொள்ளைக்காரர் குகை ஞாபகம் வந்தது.

குளிரூட்டி இல்லாத காலத்தில் வைன் தொழிலுக்கு இந்தக் குகைகள்தான் உயிர். வெளியில் எவ்வளவு வெயில் எறித்தாலும் பாறைக்குள் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே குளிர்ச்சி இருக்கும். அப்படி இருந்தால்தான் பீப்பாவில் வைன் கெடாமல் முதிரும். அந்தக் குகைகளைக் கையால் தோண்டியவர்கள் சீனத் தொழிலாளர்கள். பக்கத்து ஊரில் பெரிங்கர் சகோதரர்கள் 1876இல் தொடங்கிய தோட்டத்தின் குகைகளும் சீனர்கள் தோண்டியவைதான்.

ஷ்ராமுக்குப் பெயர் இருக்கிறது, தொழில் இருக்கிறது, கஷ்டப்பட்ட கதை இருக்கிறது. குகைக்குள் நின்று வைன் குடித்த அந்தப் பக்கங்களில், குகையைத் தோண்டியவர்களைப் பற்றி ஸ்டீவன்சன் ஒன்றும் எழுதவில்லை.

ரயிலில் கண்டது

அவர் கண் தெரியாத எழுத்தாளரா என்றால், இல்லை. ஒரு வருடத்துக்கு முதல் நடந்ததைப் பாருங்கள்.

1869 மே 10 அன்று அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில் பாதை முடிந்தது. மேற்குப் பக்கம் சியரா நெவாடா மலைகளைக் குடைந்து அந்தப் பாதையைப் போட்டவர்களில் பெரும்பாலானவர்கள் சீனர்கள், பத்தாயிரத்துக்கும் மேல். அவர்களுக்கு வெள்ளைத் தொழிலாளர்களைவிடக் குறைந்த சம்பளம். கம்பனியின் சம்பளப் பதிவுகளில் தலைவன் பெயர்தான் இருக்கும், கீழே வேலை செய்த ஆட்களின் பெயர் பெரும்பாலும் இல்லை. பாதை முடிந்ததும் வேலையும் முடிந்தது. அதன் பிறகு பலர் வயல்களுக்கும் முந்திரிகைத் தோட்டங்களுக்கும் கூலிக்கு வந்தார்கள்.

1879இல் ஸ்டீவன்சன் வந்தது அந்தப் பாதையால்தான். குடியேறிகளின் ரயிலில் குடும்பங்களுக்கு ஒரு பெட்டி, தனி ஆண்களுக்கு ஒரு பெட்டி, சீனர்களுக்கு ஒரு பெட்டி. சீனர்கள் ஊத்தை என்று கூட வந்த வெள்ளையர்கள் ஏளனம் செய்தார்கள். உண்மையில் மூன்று பெட்டியிலும் நாற்றம் குறைந்தது சீனர்களின் பெட்டிதான் என்று ஸ்டீவன்சன் எழுதினார். மற்றப் பயணிகளின் வெறுப்பைப் பார்த்துத் தனக்கு வெட்கமாய் இருந்ததையும் அவர் மறைக்கவில்லை. அந்தக் காலத்து வெள்ளை எழுத்தாளர் ஒருவருக்கு இது சின்ன விசயம் இல்லை.

ரயிலில் சீனர்களைக் கண்டவர் நிலவறையில் ஏன் காணவில்லை? எங்களுக்குத் தோன்றுகிற பதில் இதுதான். ரயிலில் அவரும் ஒரு குடியேறி, அதே பலகையில் நித்திரை, அதே புழுதி. ஷ்ராம் வீட்டில் அவர் விருந்தாளி. விருந்தாளிக்கு வீட்டுக்காரர் காட்டுவதுதான் தெரியும். மனம் எவ்வளவு நல்லதாய் இருந்தாலும், இருக்கிற இடம் பார்வையை வெட்டிவிடும்.

ஸ்டீவன்சன் போய் இரண்டு வருடத்தில், 1882 மே மாதம், சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. முதலில் பத்து வருடத்துக்கு என்றார்கள். நீடித்து நீடித்து 1943இல்தான் நீக்கினார்கள். நாபாவிலும் சீனர்களுக்கு எதிரான கிளர்ச்சி வளர்ந்தது. குகை இருந்தது. தோண்டியவர்கள் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பள்ளத்தாக்கில் இல்லாமல் போனார்கள்.

கடற்கரையில்

பயணத்தின் மற்றப் பாதி கடற்கரை. அதையும் ஸ்டீவன்சன் அறிவார். கல்யாணத்துக்கு முதல், 1879 இலையுதிர் காலத்தில், மொன்டரே என்ற கடலோர ஊரில் தங்கியிருந்தார். அங்கே அவர் வருத்தக்காரர். மலைக்குள் தனியே போய் விழுந்து கிடந்தவரை ஆடு வளர்க்கிறவர்கள்தான் எடுத்துப் பராமரித்தார்கள். விருந்தாளியாய் இல்லாத இடத்தில் அவர் கண் திறந்தே இருந்தது. மெக்சிக்கர்களின் காணிகள் அமெரிக்கர்களின் கைக்குப் போய்விட்டதை எழுதினார். மொன்டரே ஊரின் பொதுக் காணி, ஏறத்தாழ 30,000 ஏக்கர், 1859இல் 1,002 டொலர் 50 சதத்துக்கு விலைபோய்க் கடைசியில் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தது.

பக்கத்தில் கார்மெல் மிஷன். ஸ்பானியப் பாதிரிமார் 1769க்கும் 1823க்கும் இடையில் கலிபோர்னியாவில் கட்டிய 21 மிஷன்களில் ஒன்று. அங்கே முதலில் முந்திரிகை நட்டவர்கள் அந்தப் பாதிரிமார்தான், பூசைக்கு வைன் வேணுமே. நட்டுப் பராமரித்த கைகள் மிஷனுக்குள் அடைக்கப்பட்ட பூர்வகுடிகளுடையவை. ஸ்டீவன்சன் போனபோது மிஷன் கோவிலின் கூரை இடிந்து கிடந்தது. வருடத்தில் ஒரு நாள் திருவிழாவுக்குப் பூர்வகுடிகள் வந்து, பாதிரிமார் படிப்பித்த லத்தீன் பாட்டுகளைப் பாடுவதை அவர் கேட்டு எழுதியிருக்கிறார்.

மொன்டரேக்குப் பக்கத்தில், பொயின்ற் அலோன்ஸ் என்ற கடல்முனையில், 1850களிலிருந்து சீன மீனவர் கிராமம் ஒன்று இருந்தது. பகலில் மற்ற மீனவர்களோடு மோத ஏலாது என்று, இரவில் வள்ளத்தில் நெருப்பு வெளிச்சம் வைத்துக் கணவாய் பிடித்தார்கள். காயவைத்துச் சீனாவுக்கு அனுப்பினார்கள். காணிக்காரக் கம்பனி அவர்களை எழுப்பப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், 1906 மே 16 அன்று கிராமம் எரிந்தது. அதன் பிறகு அங்கே திரும்பிக் குடியேற விடவில்லை. இன்று அந்த இடத்தில் பல்கலைக்கழகம் ஒன்றின் கடல் ஆய்வு நிலையம் இருக்கிறது.

பாதை போட்டவர்கள்

கார்மெலுக்குத் தெற்கே, பிக் சர் கரையால், ஸ்டீவன்சன் காலத்தில் வண்டி போக ஒழுங்கான பாதை இல்லை. கடலுக்குள் செங்குத்தாய் இறங்கும் மலை. இன்றைய நெடுஞ்சாலையின் அந்தத் துண்டை 1937இல்தான் திறந்தார்கள். வெடி வைத்து மலையை உடைத்துப் பாதை போட்டவர்களில் சான் குவென்டின் சிறைக் கைதிகளும் இருந்தார்கள். நாளுக்கு 35 சதம் கூலி, கூடவே தண்டனைக் காலத்தில் கொஞ்சம் கழிவு. எல்லாரும் படம் எடுக்கும் பிக்ஸ்பி பாலம் 1932இல் கட்டி முடிந்தது.

தோட்டங்களிலும் ஆட்கள் மாறினார்கள், முறை பெரிதாய் மாறவில்லை. சீனர்களுக்குப் பிறகு ஜப்பானியர், இத்தாலியர், பிலிப்பினோக்கள், மெக்சிக்கர்கள். 1942 முதல் 1964 வரை நடந்த 'பிரசேரோ' திட்டத்தில் மெக்சிக்கத் தொழிலாளர்களோடு 46 இலட்சம் அளவில் குறுகியகால ஒப்பந்தங்கள் போடப்பட்டன. வேலைக்கு வா, முடிந்ததும் போ. அதுதான் ஒப்பந்தம்.

அது முடிந்த அடுத்த வருடம், 1965 செப்ரெம்பர் 8 அன்று, டெலானோவில் பிலிப்பினோத் தொழிலாளர்கள் லரி இட்லியோங் தலைமையில் முந்திரிகை பறிக்க மறுத்தார்கள். சில நாட்களில் சீசர் சாவேசின் சங்கத்து மெக்சிக்கர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஐந்து வருடம் இழுபட்டு, 1970இல்தான் பெரிய தோட்டக்காரர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். முந்திரிகை பறிப்பவர்களின் பெயர்களை நாடு முழுக்கக் கேட்க வைத்தது அவர்களே நடத்திய போராட்டம்.

ஒரு கிளாஸ், இரண்டு கதை

1972 பெப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் சீனாவுக்குப் போனார். பெய்ஜிங்கில் சூ என்லாயோடு சமாதானத்துக்காகக் கிளாஸ் உயர்த்தியபோது அதில் இருந்தது ஷ்ராமின் பழைய தோட்டத்தில் செய்த வைன். சீனர்கள் தோண்டிய குகைகளை உடைய அதே தோட்டம். விருந்து உலகம் முழுக்கச் செய்தியானது, வைனுக்கும் பெயர் கிடைத்தது. குகையை வெட்டியவர்களுக்கு அந்த மேசையிலும் இடம் இருக்கவில்லை.

ஸ்டீவன்சனைக் குற்றவாளியாக்க நாங்கள் இதை எழுதவில்லை. அவர் எழுதியதைக் கவனமாய் வாசித்ததால்தான் அவர் எங்கே நின்று பார்த்தார் என்பதும் தெரிகிறது. பயணக் கட்டுரை வாசிக்கும்போதும் எழுதும்போதும், சொல்கிறவர் வராந்தாவில் இருக்கிறாரா ரயில் பலகையில் இருக்கிறாரா என்று ஒருக்கால் கேட்டுப் பார்க்கலாம்.

இப்போதும் இது முடிந்த கதை இல்லை. நாபாவில் அறுவடைக் காலத்தில் பல தோட்டங்களில் முந்திரிகை இரவில்தான் பறிக்கப்படுகிறது. பழம் குளிர்ச்சியாய் இருக்க வேணும் என்பதற்காக, மின்விளக்கு வெளிச்சத்தில் விடியும் வரை வேலை. பறிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் மெக்சிக்க வழி வந்தவர்கள். காலையில் வைன் சுவைக்கும் கூடங்கள் திறந்து, சோடிகள் காரை நிறுத்தி இறங்கும் நேரத்துக்கு அவர்கள் வேலை முடித்துப் போயிருப்பார்கள்.