செத்தாலும் சரி, சொதப்பாதே!

ஸ்விட்சைப் போட்டதும் கம்ப்யூட்டரில் கெர்னல் கண்விழிக்கிறது. அந்த முதல் விநாடிகளில் தப்பு நடந்தால்? டிஸ்க் இன்னும் கைக்கு வரவில்லை. புலம்பலை எழுதிவைக்கக்கூட இடமில்லை.

1960களின் மல்டிக்ஸ் எதையும் சமாளிக்கப் பார்த்தது. அதில் தான் எழுதுவதில் பாதி, தப்பைச் சமாளிக்கும் வேலைதான் என்றார் டாம் வான் விளெக். யுனிக்ஸை உருவாக்கிய டென்னிஸ் ரிட்சி அசரவில்லை. நாங்கள் அதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டோம், தப்பு வந்தால் 'பேனிக்'. மெஷின் படுத்துவிடும், யாராவது மறுபடி ஸ்டார்ட் பண்ணிக்கொள்ள வேண்டியதுதான் என்றார்.

சோம்பேறித்தனமா? இல்லை. அரைகுறை நினைவோடு ஓடுகிற கெர்னல், டிஸ்கில் உள்ள நல்ல ஃபைல்களையும் நாசமாக்கிவிடலாம். 1991-ல் பிறந்த லினக்ஸும், கிளம்பும்போது ரூட் ஃபைல் சிஸ்டம் கிடைக்காவிட்டால் இன்றுவரை பேனிக்தான். நின்றுபோன மெஷினை மறுபடி கிளப்பலாம். அழிந்த கணக்கை?