நூலுக்கு உறை: ஏட்டிலிருந்து கிண்டில் வரை



வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் கொண்டுவந்து தரும் கிண்டில் போன்ற மின்வாசிப்புக் கருவிகளை இப்போது நம் ஊர்களிலும் சில வீடுகளில் காண்கிறோம். அதற்கு எந்த உறை வாங்குவது என்பது சின்னக் கேள்விதான். ஆனால் நூலுக்கு உறை போடுவது நாம் இன்று தொடங்கிய வேலையல்ல. முன்னிருந்தவர்கள் அதைச் செய்த விதத்தைப் பார்த்தால் பதிலும் அங்கேயே கிடைக்கிறது.

நம் நாட்டில் ஓலையில் எழுதிய காலத்தில் மேலும் கீழும் இரண்டு மரப்பலகைகள் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார்கள். ஓலை வளைந்தால் முறியும். அதனால் வளையாத பலகையையே உறையாக்கினார்கள்.

தோலிலும் கடதாசியிலும் எழுதியபோது ஆபத்து வேறு பக்கமிருந்து வந்தது. துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலில் பாதுகாக்கப்பட்டிருந்த பழைய குர்ஆன் பிரதிகளில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உறைகளும் உண்டு. தோல் போர்த்திய பலகை, அதன் மூன்று விளிம்புகளிலும் எழுந்து நிற்கும் தோல் சுவர் என்று அவை பெட்டி போலவே இருக்கின்றன. பின்னர் முஸ்லிம் நூல் கட்டுநர்கள் பின்னட்டையிலிருந்து ஒரு மடிப்பை நீட்டினார்கள். அரபியில் அதன் பெயர் 'லிஸான்', அதாவது நாக்கு. நூலின் திறந்த ஓரத்தை மூடி, முன்னட்டைக்குக் கீழே அது அடங்கிவிடும். தூசும் தேய்மானமும் முதலில் தாக்குவது அந்த ஓரத்தைத்தான்.

நமக்கு நன்கு பழக்கமான உறை பாடசாலைப் புத்தகத்தின் உறை. 1980இல் இலவசப் பாடநூல் வந்ததிலிருந்து ஒவ்வொரு வருடமும் வீடுகளில் அந்த வேலை நடக்கிறது. கைபட்டுக் கிழிவது அட்டையும் மூலைகளும் என்பதால் அங்கேதான் கடதாசியை மடிக்கிறோம்.

ஆக எல்லாக் காலத்திலும் கேள்வி ஒன்றுதான்: இந்த நூலில் முதலில் கெடும் இடம் எது?

மின்வாசிப்புக் கருவியில் அந்த இடம் திரை. பெரும்பாலானவற்றில் திரையின் உள்ளே மெல்லிய கண்ணாடித் தகடு இருக்கிறது. பையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் அழுத்தினாலே அது உடையலாம். மேலே கீறல் இருக்காது. திரையில் மட்டும் கோடுகள் விழுந்து, பாதி எழுத்து அசையாமல் நின்றுவிடும். அதற்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான நூல்களையும் அந்தக் கருவியில் பிறகு வாசிக்க முடியாது.

2007இல் முதல் கிண்டில் வந்தபோது பெட்டிக்குள்ளேயே ஓர் உறையும் வந்தது. 2010இல் வந்த மூன்றாம் கிண்டிலுக்குச் செய்த ஓர் உறையின் உலோகக் கொக்கிகள் கருவியைத் தானாக நின்று மீண்டும் தொடங்க வைத்தன. காக்க வந்ததே தொல்லையானது. 2012க்குப் பிறகு காந்த மூடிகள் பரவின. மூடினால் கருவி உறங்கும், திறந்தால் விழிக்கும்.

எனவே வாங்கும்போது இவற்றைப் பார்ப்போம்:

பின்பக்கத்தை மட்டும் மூடும் தொலைபேசி உறை போன்றது போதாது. திரையை மூடும், வளையாத முன்மூடி வேண்டும்.

கருவியின் பெயர் மட்டுமல்ல, வெளிவந்த வருடமும் பொருந்த வேண்டும். பேப்பர்வைட் 2018இல் 6 அங்குலம், 2021இல் 6.8, 2024இல் 7. ஒன்றின் உறை மற்றதற்குச் சேராது.

நம் வெக்கைக்கும் ஈரத்துக்கும் மலிவான செயற்கைத் தோல் உரிந்துவிடும். உறை நனைந்தால் கழற்றித் தனியே காயவிட வேண்டும்.

கருவியே 200 கிராம் அளவுதான். கையை நோகவைக்கும் கனத்தில் உறை எடுத்தால் வாசிப்புத்தான் குறையும்.

உறைக்குச் செலவிடும் சில ஆயிரம் ரூபாய் வீண் அல்ல. அந்தக் கருவி நம் பிள்ளைகளுக்கு ஒரு முழு நூலகம்.