பிரஸ்ஸல்ஸில் ஒரு வாத்தியார்

2000 அக்டோபர். நியூயார்க் பங்குச்சந்தைக்கு வந்திருந்த ஜேக் வெல்ச்சிடம் ஒரு டிவி நிருபர் கேட்டார்: ஹனிவெல் கம்பெனியை யுனைடெட் டெக்னாலஜிஸ் வாங்கப் போகிறதாமே, என்ன நினைக்கிறீர்கள்?

தூக்கிவாரிப் போட்டது வெல்ச்சுக்கு. ஜெனரல் எலெக்ட்ரிக்கின் தலைவர் அவர். விமான இன்ஜின் வியாபாரத்தில் யுனைடெட் அவருக்கு நேரடிப் போட்டி. விடுவாரா? சில நாளில் 4,000 கோடி டாலருக்கு மேல் விலை பேசி, பரிசம் போட வந்தவர்களை ஓரம்கட்டிவிட்டு ஹனிவெல்லைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். ஓய்வு பெறும் தேதியைக்கூட இதற்காகத் தள்ளிப்போட்டார்.

இரண்டுமே அமெரிக்கக் கம்பெனிகள். அமெரிக்க நீதித்துறையும் ஹெலிகாப்டர் இன்ஜின் பிரிவை விற்றுவிடு என்பது மாதிரி சில நிபந்தனைகளோடு 2001 மே மாதம் சரி என்று சொல்லிவிட்டது. அப்புறம் என்ன?

அப்புறம்தான் பிரஸ்ஸல்ஸ். ஐரோப்பிய கமிஷனில் போட்டி விவகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மரியோ மோண்டி. இத்தாலியர், பொருளாதாரப் பேராசிரியர். சிரித்து மழுப்பி வேலை வாங்க முடியாத ஆசாமி. முதல் சந்திப்பில், என்னை ஜேக் என்றே கூப்பிடுங்கள் என்றாராம் வெல்ச். அதெல்லாம் டீல் முடிந்த பிறகு என்றாராம் மோண்டி.

அமெரிக்கக் கம்பெனிகள் ஒன்றுசேர இவர் அனுமதி எதற்கு? பி.காம். படித்த நாளில் எம்.ஆர்.டி.பி. சட்டத்தை உருப்போட்டவன் நான். ஏகபோகத்தைத் தடுப்பது என்றால் உள்ளூர் சர்க்கார் உள்ளூர் முதலாளியைத் தட்டிவைப்பது என்றுதான் மண்டையில் ஏறியிருந்தது. 1990-ல் அமலுக்கு வந்த ஐரோப்பியச் சட்டமோ, உன் ஊர் எது என்றே கேட்காது. சேரப்போகிறவர்களின் உலக விற்பனை மொத்தமாக 500 கோடி யூரோவைத் தாண்டுகிறதா? ஐரோப்பாவுக்குள் தலைக்கு 25 கோடியைத் தாண்டுகிறதா? அப்படியானால் வந்து வரிசையில் நில். மோண்டியிடம் போலீஸ் கிடையாது, பட்டாளம் கிடையாது. ஐரோப்பாவில் வியாபாரம் செய்ய வேண்டும் அல்லவா, அந்த ஒன்று போதும். 1997-ல் மெக்டொனல் டக்ளஸை வாங்கிய போயிங்கும் இதே வாசலில் நின்று, இறங்கி வந்துதான் அனுமதி வாங்கியது.

கமிஷனின் பயம் இதுதான். இன்ஜின் ஜி.இ.யுடையது. விமானத்துக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் கருவிகள் ஹனிவெல்லுடையவை. போதாக்குறைக்கு விமானங்களை மொத்தமாக வாங்கி வாடகைக்கு விடும் நிறுவனமும் ஜி.இ.யிடம் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து வாங்கு, விலையைக் குறைக்கிறேன் என்றால் ரோல்ஸ் ராய்ஸ் மாதிரி போட்டியாளர்கள் என்ன ஆவார்கள்? அமெரிக்க அதிகாரிகளுக்கு இது புரியவே இல்லை. விலை குறைந்தால் வாங்குபவனுக்கு லாபம்தானே? இன்றைக்கு லாபம், போட்டியாளர்கள் ஒழிந்த பிறகு என்றார் மோண்டி.

2001 ஜூலை 3 அன்று கமிஷன் தடை போட்டது. அமெரிக்கா அனுமதித்த இரு அமெரிக்கக் கம்பெனிகளின் இணைப்பை ஐரோப்பா தடுத்தது அதுவே முதல்முறை. போனில் மோண்டி சொன்னாராம்: குட்பை, ஜேக்.

கேட்க ஜோராக இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு. அமெரிக்காவில் ஓர் இணைப்பைத் தடுக்க வேண்டுமென்றால் நீதித்துறை கோர்ட்டுக்குப் போய் வாதாட வேண்டும். பிரஸ்ஸல்ஸில் விசாரிப்பதும் குற்றம் சாட்டுவதும் தீர்ப்பெழுதுவதும் ஒரே கமிஷன். பிடிக்காவிட்டால் அப்பீல் செய்யலாம். ஜி.இ.யும் செய்தது.

தீர்ப்பு வந்தது 2005 டிசம்பர் 14 அன்று. சேர்த்து விற்பார்கள், போட்டியாளர்கள் அழிவார்கள் என்ற வாதத்தைக் கமிஷன் நிரூபிக்கவில்லை என்றது கோர்ட். மோண்டியின் பிரதான வாதமே அதுதான்! ஆனாலும் தடை செல்லும். சிறு ஜெட் இன்ஜின்கள் போன்ற சில சரக்குகளில் இரு கம்பெனிகளும் நேரடிப் போட்டியாளர்கள், அது போதும் என்றார்கள்.

ஒருவேளை தடை செல்லாது என்று சொல்லியிருந்தாலும் யார் யாரோடு சேர்வது? நாலரை வருடம் ஓடியிருந்தது. வெல்ச் 2001-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். மோண்டியின் பதவிக்காலமும் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.