மன்னார்க் கரையில் ஒரு பெண்பெயர்

மன்னார்த் தீவிலே பேசாலை என்னும் ஊரில் வெற்றி நாயகியின் ஆலயமணி ஒலிக்கும் விடியற்பொழுதில், அதே தீவின் எருக்கலம்பிட்டியில் பள்ளிவாசலின் பாங்கோசை எழுகின்றது. மணியோசை கேட்டு எழும் மூதாட்டியின் பெயர் மரியாள் என்றிருக்கலாம். பாங்கோசை கேட்டு எழும் மூதாட்டியின் பெயர் மரியம் என்றிருக்கலாம். இருவரும் தமிழ் பேசுவோர். ஒரே கடற்காற்றிலே வளர்ந்தோர். ஒரே பெயரைத்தான் தாங்கி நிற்கின்றோம் என்பதை அவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பர்?

இப்பெயரின் பிறப்பிடம் எபிரேய மொழி. மோசேயின் தமக்கை பெயர் மிரியாம். அதுவே கிரேக்கத்தில் மரியம் என்றும் மரியா என்றும், இலத்தீனில் மரியா என்றும், அரபியில் மர்யம் என்றும் வழங்கலாயிற்று. ரஷியர் மார்யா என்பர். குழந்தையைக் கொஞ்சுங்கால் மாஷா என்பர். போலந்து நாட்டார் செய்ததோ விந்தையானது. தேவ அன்னையின் பெயரை மானிடப் பெண்ணுக்கு இடுவது தகாது என்றஞ்சி, நெடுங்காலம் அதனைச் சற்றே திரித்து மரியன்னா என்று வழங்கி வந்தனர். பக்தி மிகுதியால் ஒரு பெயரைச் சூட்டுவதும் உண்டு, சூட்டாது விடுவதும் உண்டு போலும்! மன்னார் மக்கள் முன்னதையே தேர்ந்தனர்.

பெயரின் பொருள் யாது என்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை. கசப்பு என்பர் சிலர். கலகம் என்பர் வேறு சிலர். பண்டை எகிப்திய மொழியில் அன்புக்குரியவள் எனப் பொருள்படும் சொல்லோடு இயைப்பாரும் உளர். நான்காம் நூற்றாண்டிறுதியில் வாழ்ந்த எரோணிமுஸ் என்னும் திருமறைப் புலவர் இதற்குக் 'கடல்துளி' என்று பொருள் கண்டார் என்றும், ஏடு பெயர்த்து எழுதியோர் இலத்தீனில் ஓரெழுத்தை மாற்றிவிட்டமையால் அது 'கடல் விண்மீன்' ஆயிற்று என்றும் கூறுவர். பிழையிலே பிறந்த பொருளாயினும், கடலோடிகளுக்கு இதனினும் உகந்த பொருள் வேறில்லை. இருளிலே கரை காட்டும் மீனை நம்பி வலை வீசச் செல்வோர், தம் பெண்மக்களுக்கு ஸ்டெல்லா என்று பெயரிடுவதில் வியப்பென்ன? ஸ்டெல்லா என்பது அவ்விலத்தீன் தொடரிலுள்ள 'விண்மீன்' என்னும் சொல்லே.

மரியம்மாவையும் மாரியம்மாவையும் ஒன்றென மயங்குவாரும் உளர். மாரி என்பது மழையைக் குறிக்கும் செந்தமிழ்ச் சொல். ஒலி ஒத்திருக்கின்றது, வேர் வேறு.

இப்பெயர் மன்னாரை அடைந்த வழிகள் இரண்டு. அரபு வணிகர் முத்தையும் சங்கையும் நாடி இக்கரைக்கு வந்த காலம் மிகப் பழையது. மன்னாரில் இன்றும் நிற்கும் பெருக்க மரங்களை அவர்களே கொணர்ந்தனர் என்று சொல்லப்படுகின்றது. இஸ்லாம் இக்கரையில் வேரூன்றிய பின்னர் மர்யம் என்னும் பெயரும் வீடுகளில் வேரூன்றியது. திருக்குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மர்யம் என்றே பெயர் பெற்றது. அத்திருமறையில் பெயர் சுட்டிக் கூறப்படும் ஒரே பெண்மணியும் அவரே. முஸ்லிம் குடும்பங்கள் இதனை விரும்பிச் சூட்டுவதற்கு இதனினும் காரணம் வேண்டுவதில்லை.

மற்றொரு வழி போர்த்துக்கேயர் வழி. பிரான்சிஸ் சவேரியார் தாம் வர இயலாமையால் குரு ஒருவரை அனுப்ப, மன்னார்க் கரையினர் திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். அன்று பெண்மக்களுக்கு இடப்பட்ட புதுப்பெயர்களுள் மரியா முன்னிற்பது இயல்பே. யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலி இதனைத் தன் ஆட்சிக்கு இழைத்த துரோகமாகக் கண்டான். 1544இல் 600 பேருக்கு மேற்பட்டோர் வாளுக்கு இரையாயினர் என்பர். பெயர் மாற்றம் உயிர் மாற்றமாக முடிந்த காலம் அது. 1560இல் போர்த்துக்கேயர் தீவைக் கைப்பற்றிக் கோட்டை எழுப்பினர். எதிர்க்கரைப் புன்னைக்காயலிலிருந்தும் கிறிஸ்தவர் பலர் வந்து குடியேறினர். அக்கரையில் தமிழ் கற்றுப் பணிபுரிந்த அன்றிக்கு அடிகளார், 1586இல் அடியார் வரலாற்றைத் தமிழில் அச்சேற்றினார். அந்நியப் பெயர்கள் தமிழெழுத்தில் அமைந்து தமிழ் நாவுக்குப் பழகிய காலமும் அதுவே. மரியா என்பதோடு 'ஆள்' என்னும் பெண்பால் விகுதி சேர்ந்து மரியாள் ஆயிற்று. அதன் பின்னர் அதனை வேற்றுப்பெயர் என்று யார் சொல்வார்?

1658இல் மன்னார் ஒல்லாந்தர் வசமாயிற்று. கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டனர், வழிபாடு தடைப்பட்டது. திருமணமும் சொத்துரிமையும் செல்லுபடியாக வேண்டின், குழந்தைகளை ஒல்லாந்தர் ஆலயத்திலேயே பதிய வேண்டியிருந்தது. ஆயினும் ஒல்லாந்தரும் தம் பெண்மக்களுக்கு மரியா என்று பெயரிடுவோரே. எனவே இப்பெயர் மட்டும் ஐயத்துக்கிடமின்றிப் பதிவேட்டில் ஏறியிருத்தல் கூடும். செபமாலையை ஒளிக்கலாம், பெயரை ஒளிக்க வேண்டியதில்லை.

1670 அளவில் மாந்தையிலிருந்து இருபது குடும்பத்தினர் அன்னையின் திருச்சுருபத்தைச் சுமந்து காட்டுக்குள் ஓடினர் என்பது மரபு. பற்பல இடங்களில் தங்கி, இறுதியில் அவர்கள் அடைந்த இடமே மருதமடு. போர்த்துக்கேயத் தளபதியின் மகளான எலேனா என்பாள் அங்கு முதற்கோயிலை எழுப்பினாள் என்றும் அம்மரபு கூறும். 1687இல் யோசவ்வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் இலங்கை வந்தபோது, குருவின்றி ஏறத்தாழ ஒரு தலைமுறையைக் கழித்திருந்த மக்கள் அவரை வரவேற்றனர். அத்தலைமுறையில் விசுவாசத்தைக் காத்தவர் யார் எனின், பெரும்பாலும் வீட்டிலிருந்த தாய்மாரே எனலாம். அவர்களுள் மரியாள்கள் பலராவர்.

ஆங்கிலேயர் காலத்தில், 1806இல், கத்தோலிக்கருக்கெதிரான சட்டங்கள் நீங்கின. 1862இல் திருக்குடும்பக் கன்னியர் யாழ்ப்பாணம் வந்தனர். 1872இல் பொஞ்சீன் ஆயர் மடுவின் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். கன்னியர் மடப் பள்ளிகள் பெருகவே, மரியாளின் பக்கத்தில் மேரி வந்து அமர்ந்தாள். பாட்டி மரியாள், பேத்தி மேரி யோசப்பின்! ஆங்கிலம் படித்த பெருமை பெயரிலும் ஏறியது. பிள்ளைப்பேறு வேண்டி மடுவுக்கு நேர்ந்துகொள்வோர், பிறந்த குழந்தைக்கு அன்னையின் பெயரை இடுவதும் வழக்கமாயிற்று. ஆண்மக்களும் விலக்கல்லர். மரியதாஸ், மரியநாயகம், மரியாம்பிள்ளை என்பன இக்கரையில் எங்கும் கேட்கும் பெயர்கள். வங்காலை புனித ஆனாள் ஆலயத்தின் பங்குக்குருவாயிருந்து 1985 ஜனவரியில் சுட்டுக்கொல்லப்பட்டவரின் பெயரும் மேரி பஸ்ரியன். ஆனாள் என்பார் மரியாளின் தாயாவார்; தாயின் ஆலயத்தில் மகளின் பெயர் தாங்கியவர் வீழ்ந்தார்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுலத்து முஸ்லிம்களை வெளியேற்றினர். மன்னார்த் தீவின் குடும்பங்கள் உடைமைகளை விட்டுப் படகேறித் தெற்கே கற்பிட்டிக் கரையை அடைந்தன. மரியாள்கள் தீவிலே நிற்க, மரியம்கள் புத்தளத்து முகாம்களில் ஓலைக் கொட்டில்களின் கீழ் அமர்ந்தனர். பெயரின் ஒருமை அன்று எவரையும் காக்கவில்லை. கத்தோலிக்கருக்கும் அமைதி நீடிக்கவில்லை. 2008 ஏப்ரலில் போர் மடுவை நெருங்கவே, திருச்சுருபம் மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டி சென்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் திரும்பியது. மாந்தை மக்கள் சுமந்தோடியதற்கு முந்நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும், அதே சுருபம் அதே காரணத்தாற் காட்டுவழி செல்ல நேர்ந்தது. யோசவ்வாஸ் அடிகளாரைக் கொழும்பிலே புனிதராக உயர்த்திய 2015 ஜனவரி 14ஆம் நாளன்றே பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்து வணங்கினார்.

2009இல் போர் ஓய்ந்த பின்னர் எருக்கலம்பிட்டிக்குச் சிறிது சிறிதாக முஸ்லிம் குடும்பங்கள் மீளலாயின. மீண்டோரோடு, புத்தளத்திலே பிறந்து தீவையே காணாது வளர்ந்த இளம்பெண்களும் வந்தனர். அவர்களுள் மரியம் என்னும் பெயருடையாள் ஒருத்தியின் பிறப்புச் சான்றைப் பார்த்தால் பிறந்த இடம் புத்தளம் என்றிருக்கும். பெயரோ, படகேறிப் போன பாட்டியினுடையது.