காக்காப்பொன்னும் கண்டென்சரும்

நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் தாண்டாதவன் கண்டென்சர் பற்றி எழுதுகிறேன், சிரிக்காதீர்கள்.

ஹைதராபாத்தில் ஈசிஐஎல் பக்கத்துக் கிளையில் இருந்தபோது, பென்ஷன் வாங்க வரும் ஒரு பெரியவர் பழக்கமானார். 1967-ல் அணுசக்தித் துறை ஆரம்பித்த அந்தக் கம்பெனியில், ஈசி டிவிக்குப் பற்றவைத்தவர். சொந்த ஊர் நெல்லூர் ஜில்லா கூடூர். ஒருநாள் பாக்கெட்டிலிருந்து பொத்தான் மாதிரி ஒரு பழுப்பு வில்லையை எடுத்து மேஜையில் வைத்தார்.

"எங்கப்பா பொழைப்பைக் கெடுத்தது இதுதான் சார். எனக்குச் சோறு போட்டதும் இதுதான்."

அப்பா கூடூரில் மைக்கா உரித்தவராம். நாம் காக்காப்பொன் என்போமே, அது. தெலுங்கிலும் காக்கி பங்காரம்தான்!

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கண்டென்சரில் இரண்டு தகடுகளுக்கு நடுவே அப்போது மைக்காவை வைப்பார்கள். நல்ல மைக்காவுக்கு உலகமே கொடர்மாவையும் நெல்லூரையும் நம்பியிருந்தது. இரண்டாம் உலகப் போர் வந்தது. ரேடியோவும் ரேடாரும் மைக்காவை விழுங்க, தட்டுப்பாடு. மாற்று தேடியதில், 1941-லிருந்து 1945-க்குள் அமெரிக்கா, ஜப்பான், சோவியத் மூன்றிலும் தனித்தனியாகச் சிக்கியது பேரியம் டைட்டனேட். போர்க்கால ரகசியம், ஒருவர் செய்வது அடுத்தவருக்குத் தெரியாது.

இதன் அணு அமைப்புக்குப் பெரோவ்ஸ்கைட் என்று பெயர். 1839-ல் உரால் மலையில் கிடைத்த ஒரு கனிமத்துக்கு குஸ்தாவ் ரோஸ் வைத்தது, லெவ் பெரோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பிரமுகரின் நினைவாக. ஆக்ஸிஜன் கூண்டுக்குள் டைட்டானியம் நடுவில் உட்காராமல் கொஞ்சம் நகர்ந்து நிற்கும். மின்புலம் பட்டால் சட்டென்று இடம் மாறும். எங்கள் பாஷையில் சொன்னால், அதே அளவு லாக்கரில் மைக்கா ஆறேழு மடங்கு வைக்கும், இது ஆயிரத்துக்கும் மேல். 120 டிகிரி சூடு தாண்டினால் அந்த நகர்வு போய்விடும். ஆனால் மற்ற உப்புகளைக் கலந்து அந்த வெப்ப அளவை மாற்றிக்கொள்ளலாம்.

பெரியவர் சொன்னது முழுக்கச் சரியில்லை. வால்வுக்குள்ளும் மைக்கா வில்லை இருந்தது. டிரான்சிஸ்டர் வந்து அந்தப் பிழைப்பும் போனது. துல்லியமான வேலைக்கு இன்றும் மைக்கா கண்டென்சர் உண்டு. இதையெல்லாம் அவரிடம் சொல்ல மனசு வரவில்லை.

போன தடவை சார்மினாரில் ஊருக்குப் போகும்போது விடியற்காலை கூடூர் வந்ததும் பையனை எழுப்பினேன். "கீழே மினுக்குதான்னு பாரு, காக்காப்பொன் ஊர்டா!"

"இட்லி வந்துருச்சாப்பா?" என்றான்.