சீதனத் தங்கமும் உடைமைச் சான்றும்

வீடுகளில் இருக்கும் தங்கத்தை 'முடங்கிய முதல்' என்று சொல்வது பொருளியலாளர்களின் வழக்கம். நகையை உருக்கி வங்கி வைப்பாக மாற்றச் சொன்ன 2015ஆம் ஆண்டுத் திட்டமும் இந்த நினைப்பில் பிறந்ததே. தமிழ்நாட்டு வீடுகளுக்கு இந்த அடைமொழி பொருந்தாது. விதைப்புக்கு அடகு போன வளையல் அறுவடைக்குப் பின் மீண்டு வருகிறது. கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதத்தில் திரும்பவும் போகிறது. கூட்டுறவுச் சங்கங்களில் 5 சவரன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்வதாக 2021இல் மாநில அரசு அறிவித்தபோது, அடகு நகை ஒரு தேர்தல் பொருளாகவே ஆகியிருந்தது. நகை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது யாருடையது என்பதற்கான சான்று மட்டும் அதோடு ஓடுவதில்லை. எடைக்கும் மாற்றுக்கும் கடனுக்கும் துல்லியமான ஆவணங்களை வளர்த்தெடுத்த அரசும் சந்தையும் உடைமையாளரின் பெயரை மட்டும் வாய்ச்சொல்லில் விட்டுவிட்டன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சட்டத்தில் குழப்பம் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன் 14ஆம் பிரிவு பெண்ணின் சொத்தை அவளது முழு உரிமையாக்கியது. புகுந்த வீட்டுக்குள் வந்ததும் சீதனம் கூட்டுடைமை ஆகிவிடும் என்ற போக்கில் பஞ்சாப்–ஹரியானா உயர்நீதிமன்ற முழு அமர்வு 1982இல் சொன்னதை உச்சநீதிமன்றம் 1985இல் மறுத்தது. நகை மனைவியுடையது, கணவன் கையில் அது ஒப்படைப்பு மட்டுமே, எடுத்துக்கொண்டால் நம்பிக்கை மோசடி. ஆனால் வழக்கில் வெல்ல, எந்த நகை, எத்தனை சவரன், யார் கொடுத்தது என்று காட்டியாக வேண்டும். அங்கேதான் பெண்ணின் கை வெறுங்கையாகிறது. திருமண ஆல்பமும் உறவினர் சாட்சியுமே பெரும்பாலும் அவளிடம் மிஞ்சுகின்றன.

கேரளத்திலிருந்து வந்து 2024இல் உச்சநீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. மணப்பெண் கொண்டுவந்தது 89 சவரன். பத்திரமாக வைப்பதாகச் சொல்லி முதல் இரவிலேயே கணவர் அதை வாங்கித் தம் தாயிடம் கொடுத்தார் என்பதும், குடும்பத்தின் பழைய கடனுக்கு அது போய்விட்டது என்பதும் அந்தப் பெண்ணின் முறையீடு. குடும்ப நீதிமன்றம் 2011இல் அவர் பக்கம் நின்றது. உயர்நீதிமன்றம் 2022இல் சான்று போதவில்லை என்றது. இது குற்றவியல் வழக்கல்ல, நிகழ்தகவே போதும் என்று சொல்லி உச்சநீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது. முதல் இரவில் யார்தான் ரசீது கேட்பார்கள்?

அரசுக்கு ஆவணப்படுத்தும் திறன் இல்லாமல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் முதலாம் இராசராசனும் குந்தவையும் கொடுத்த அணிகலன்களைக் கொடுத்தவர் பெயரோடும், முத்தின் எண்ணிக்கையோடும், கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை எடையோடும் பதிவு செய்கின்றன; சரடும் அரக்கும் எடையில் சேர்ந்ததா என்பதும் அவற்றில் உண்டு. தெய்வத்தின் நகைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த பதிவு, வீட்டுப் பெண்ணின் நகைக்கு இன்றும் கிடைக்கவில்லை.

நவீன அரசு தங்கத்தைப் பார்த்ததெல்லாம் பதுக்கலாகத்தான். 1963இன் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் நகை செய்வதைத் தடுத்துப் பொற்கொல்லர்களின் பிழைப்பில் மண்ணைப் போட்டன. 1968இன் சட்டம் 1990இல் நீக்கப்படும் வரை தங்கம் கண்காணிப்பில் இருந்தது. 1994இல் நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட அறிவுறுத்தல் மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 என்று கணக்கிட்டது. சோதனையின்போது அதிகாரி எதைப் பறிமுதல் செய்யாமல் விடலாம் என்பதுதான் அதன் பொருள். வைத்துக்கொள்ளும் உச்சவரம்பு என்று ஊரெல்லாம் நம்புவது தவறு. பெண்ணை உடைமையாளராக எண்ணிப் பார்த்த அபூர்வமான அரசுத்தாள் ஒரு வருமானவரிச் சோதனைக் குறிப்பு என்பது நகைமுரண்தான்.

2023 ஏப்ரல் முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க எண்ணெழுத்து அடையாளம் கட்டாயம். மாற்றும் கடையும் அதில் தெரியும்; அணிபவர் தெரியார். அடகு வைக்கும் இடத்திலும் அப்படியே. 20 கிராமுக்கு மேல் அடகு வந்தால் உடைமையைச் சரிபார்த்த பதிவு வேண்டும் என்று வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி 2013இல் விதித்தது. பழைய நகைக்கு ஏது பில்? அடகு வைப்பவரின் உறுதிமொழியே பல இடங்களில் சான்றாகிவிடுகிறது. கணவர் கையெழுத்திட்டால் சீட்டு அவர் பெயரில் வரும். மனைவியின் தாலிச்செயினைப் பற்றிப் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் ஒரே தாள் அந்தச் சீட்டுதான். அதுவும் வேறொருவர் பெயரில்.

தீர்வுக்குப் புதுச் சட்டம் தேவையில்லை. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகள், மணமக்களுக்கு வரும் அன்பளிப்புகளை மதிப்போடும் கொடுத்தவர் பெயரோடும் பட்டியலிட்டுக் கையெழுத்திடச் சொல்கின்றன. பட்டியலிட்டால் வரதட்சணையை ஒப்புக்கொண்டதாகிவிடுமோ என்ற அச்சம் வீண். கேட்காமல் கொடுத்த அன்பளிப்புக்கு விலக்குக் கிடைப்பதே பட்டியலால்தான். கடினமானது, கல்யாண மேடையில் "இப்பவே கணக்கா?" என்ற பெரியவர்களின் முகச்சுளிப்பு. திருமணப் பதிவோடு பட்டியலையும் கட்டாயமாக்கினால் அந்தச் சுளிப்புக்கு இடமில்லாமல் போகும்.

பட்டியலாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. பாட்டியின் காசுமாலையைக் காசு காசாகப் பிரித்து இரண்டு பேத்திகளுக்குக் கொடுக்கலாம். அட்டிகையைப் பிரிக்க முடியாது. கல்லையும் அரக்கையும் கழித்து எடை போட்டு மாற்றுவார்கள். செய்கூலி, சேதாரம் போக மிஞ்சுவது புது நெக்லஸாகத் திரும்பும். பட்டியலில் இருந்த அட்டிகை அன்றோடு இல்லை. ஆகவே பட்டியல் பொருளின் பெயரோடு நிற்காமல் நிகர எடையையும் மாற்றையும் குறிக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தின்போதும், பணம் கட்டுவது யாராக இருந்தாலும், புது பில் அந்தப் பெண்ணின் பெயரிலேயே போடப்பட வேண்டும்.