ஹுசேன் ஓன், துன் (1922–1990)
மலேசியாவின் மூன்றாவது பிரதமர். அம்னோ கட்சியின் ஸ்தாபகர் டத்தோ ஓன் ஜாஃபாரின் புதல்வராக 1922 பிப்ரவரி 12 அன்று ஜொகூர் பாருவில் ஜனித்த இவர், டேராடூன் இராணுவக் கலாசாலையில் பயிற்சி பெற்று, இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில் இந்தியச் சேனையின் அதிகாரியாக மத்தியக் கிழக்கில் சேவை புரிந்தார். 1951இல் தந்தையாரைத் தொடர்ந்து அம்னோவிலிருந்து விலகி, இலண்டன் லிங்கன்ஸ் இன்னில் சட்டம் பயின்று வழக்கறிஞராக விளங்கிய இவரை, 1968இல் மீண்டும் அக்கட்சிக்கு அழைத்து வந்தவர் இவருடைய சகலரான துன் அப்துல் ரசாக் ஆவார். ரசாக் காலமானதும் 1976 ஜனவரி 15 அன்று பிரதமர் பதவியேற்ற ஹுசேன், இன ஐக்கியத்தையும் நிர்வாகத் தூய்மையையும் தம் இலட்சியங்களாகக் கொண்டு ஆட்சி நடத்தி, தேக அசௌக்கியத்தினால் 1981 ஜூலையில் மகாதீர் முகமதுவிடம் பொறுப்பை ஒப்படைத்தார். ‘ஒற்றுமையின் தந்தை’ என்பது நாட்டு மக்கள் இவருக்கு அன்புடன் அளித்த சிறப்புப் பெயர்.

இவருடைய தர்மபத்தினி துன் சுஹைலா (1931–2014), மலேசிய மக்களவையின் முதல் சபாநாயகரான முகமது நோவா ஒமாரின் புதல்வி. ரசாக்கின் மனைவி ரஹாவின் சகோதரி. இத்தம்பதியரின் புதல்வர் ஹிஷாமுடின் ஹுசேன் பிற்காலத்தில் மத்திய அமைச்சரானார்.

ஹுசேன் 1990 மே 29 அன்று கலிபோர்னியாவில் காலமாகி, கோலாலம்பூர் தேசியப் பள்ளிவாசலை அடுத்த வீரர் சமாதியில் நல்லடக்கம் செய்யப்பெற்றார். ஜொகூரின் பாரிட் ராஜாவிலுள்ள சர்வகலாசாலை இவர் திருநாமத்தைத் தாங்கி நிற்கிறது.